ஆறு ஓட்டை, ஆறு துணி

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அரசாங்கக் காகிதங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. தெருவுக்கு அவன் ‘ஒருதடவை’. எஞ்சினை ஒருதடவை மூடினால் மூடினதுதான், மறுபடி திறக்கிற வேலையெல்லாம் நம்மிடம் கிடையாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வந்த பெயர். மற்ற பட்டறைகளில் எஞ்சினை மூடின பிறகு மேசையில் ஒரு நட்டு மிச்சம் கிடக்கும். அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, கம்பெனிக்காரன் கூடுதலாக ஒன்று போட்டுவிட்டான் என்று சிரிப்பார்கள். இவனிடம் அந்தக் கதை நடக்காது. திமிர்தான். வேலை தெரிந்தவன் திமிர் என்று ஊரும் பொறுத்துக்கொண்டது.

பட்டறைக்கு ஒட்டின அறையில் அவன் தங்கை தையல் மிஷின் போட்டிருந்தாள். நடுவில் கூரை வரைக்கும் எட்டாத ஒரு சுவர். இந்தப் பக்கம் சுத்தியல் சத்தம், அந்தப் பக்கம் மிஷின் சத்தம். அண்ணனும் தங்கையும் எழுந்து போய்ப் பேச வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்கு மேலாகவே சண்டை போட்டு, சுவருக்கு மேலாகவே சமாதானமும் ஆகிவிடுவார்கள்.

அவள் புருஷன் பெயர் சுருட்டை. தலையில் முடி முழுக்கக் கொட்டி வருஷங்கள் ஆகியும் பெயர் மட்டும் கொட்டவில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு சொத்து, ஒரு பழைய ஜீப். தட்டை மூக்கு, உருண்டைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, கதவு கிடையாது. எந்தப் பட்டாளத்துக்காகச் செய்ததோ, எத்தனை கை மாறி வந்ததோ, தெருவில் இருக்கிற எல்லோரையும்விட வயதில் மூத்தது என்பதால் அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர். மலைமேல் இருக்கும் கல் குவாரிக்கு ஆளும் சாமானும் ஏற்றிப்போக அதை விட்டால் வேறு வண்டி இல்லை. பளபளவென்று வந்த புது வண்டிகள் எல்லாம் மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். பெரியவர் நாலு சக்கரத்தாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே ஏறிவிடுவார்.

அந்தப் பெரியவருக்குத்தான் நோவு வந்தது. ஏற்றத்தில் இழுவை இல்லை, பின்னால் படபடவென்று வெடி. வால்வு எரிந்திருக்கிறது என்று சத்தத்தைக் கேட்டே ஒருதடவை சொல்லிவிட்டான்.

அந்தக் காலத்து எஞ்சின். வால்வுகள் மேலே இருக்காது, பக்கவாட்டில் நிற்கும். அவற்றின் ஸ்பிரிங்குகள் எஞ்சினின் விலாவில் ஒரு சின்ன அறைக்குள் இருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பிடித்து நிறுத்துவது அரை நகம் அளவுள்ள இரண்டு பூட்டுத் துண்டுகள். அந்த அறையின் அடியில் ஆயில் வடிவதற்கு மூன்று ஓட்டைகள். பூட்டுத் துண்டு கை நழுவி அந்த ஓட்டைக்குள் விழுந்தால் நேராக அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குப் போய்விடும். அப்புறம் தொட்டியைக் கழற்றித் தேட வேண்டும். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன் அந்த மூன்று ஓட்டையிலும் துணி அடைக்க வேண்டும். கார்ப்பரேட்டர் கழற்றின வாயில் ஒன்று, புகைக்குழாய் வாயில் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்த குழியில் ஒன்று. ஆறு ஓட்டை, ஆறு துணி.

முன்னெல்லாம் அவன் கழிவுப் பஞ்சைத்தான் திணிப்பான். நூல் பிரிந்து ஆயிலில் கலக்கிறது என்று ஒருநாள் புலம்பினது சுவரைத் தாண்டிக் கேட்டது. மறுநாள் தங்கை நீலக் கட்டம் போட்ட பழைய படுக்கை விரிப்பைக் கைக்குட்டை அளவுக்கு ஆறாக வெட்டி, நூல் பிரியாமல் நாலு ஓரமும் இரட்டைத் தையல் போட்டுக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் எண். ஒன்றிலிருந்து ஆறு வரை.

“நம்பர் எதுக்கு? பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப் போறோம்?”

“வெறுமனே எண்ணாத அண்ணா. நம்பரைப் படி. எண்ணினா தப்பும், படிச்சா தப்பாது.”

“ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும். அதான் பயமா இருக்கு.”

நான்காம் எண் துணி போன வருஷம் எங்கேயோ தொலைந்தது. ஒரு வாரம் திட்டிவிட்டு, அதே விரிப்பின் மிச்சத்தில் புதிதாக ஒரு நான்கு தைத்துக் கொடுத்தாள்.

வால்வு வேலை மூன்று நாள் நடந்தது. ஒவ்வொரு வால்வையும் அதன் இருக்கையில் வைத்து, தேய்ப்புப் பசை தடவி, வால்வைப் பிடித்த கோலை உள்ளங்கைக்குள் உருட்டி உருட்டித் தேய்த்தான். விளிம்பில் சாம்பல் நிறத்தில் அறுபடாத வளையம் தெரியும் வரை விடவில்லை. மூன்றாம் நாள் காலை, பெட்ரோல் டாங்கியைப் பார்க்க ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினபோது கீழே பழைய நான்கு கிடந்தது. போன வருஷம் டாங்கி ஒழுகலை அடைத்தபோது அங்கே விட்டிருக்கிறான். தங்கையிடம் காட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே அதில் கையைத் துடைத்து மேசைமேல் போட்டான். அத்தோடு அதை மறந்தும் போனான்.

ஸ்பிரிங்குகளை எல்லாம் பூட்டி முடித்தபின் ஓட்டைகளிலிருந்து துணிகளை உருவி உருவி மேசைமேல் எறிந்தான். பக்கத்தில் சுருட்டை நின்று, குவாரி முதலாளி தன் புது வண்டியைத் தள்ளச் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுச் சிரித்தபடியே விரலால் தொட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் கரி, எல்லாம் எண்ணெய், எல்லாம் நீலக் கட்டம். எண்ணிக்கை சரி. வால்வு அறையை மூடி போல்ட்டை முறுக்கினான். அவன் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு திருப்தியாக ஒரு போல்ட்டை முறுக்கியிருப்பானா என்பது சந்தேகம்.

மறுநாள் காலை பெரியவர் முதல் திருகலிலேயே உயிர் பிடித்தார். தங்கை குவாரி ஆட்களுக்குத் தைத்த சட்டைகளை மூன்று மூட்டையாகக் கட்டிப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். முதல் ஓட்டத்தில் நீ எதற்கு, நாளைக்குப் போகலாமே என்றான் சுருட்டை.

“எங்க அண்ணன் மூடின எஞ்சின். இதுல பயப்பட என்ன இருக்கு? நீங்க ஓட்டுறதுதான் பயம்.”

ஜீப் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நண்பகலில் வேறு வேலை இல்லாததால் துணிகளை மண்ணெண்ணெயில் அலசிக் கொடியில் போட்டான். கரி போனதும் சிவப்பு நூல் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அடுத்ததும் நான்கு. அதற்கு அடுத்தது ஆறு.

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவே இல்லை. மேசைமேல் போட்ட பழைய நான்கையும் சேர்த்துத்தான் ஆறு என்று எண்ணியிருக்கிறான், ஐந்து இல்லை. மேசைக்கு அடியில் தேடினான், குப்பைப் பீப்பாயைக் கவிழ்த்தான், சட்டைப் பைகளைத் துழாவினான். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் தேடினான். வால்வு அறையின் மூன்று ஓட்டையில் நடு ஓட்டையை அடைத்த துணி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. உருவும்போது அதில் விரல் வைத்த ஞாபகம் அவனுக்கு வரவில்லை.

துணி தொட்டிக்குள் ஆயிலில் மிதக்கும். மிதந்துகொண்டே இருந்தால் ஒன்றும் இல்லை, ஒரு வருஷம் ஓடினாலும் ஓடும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டால் ஆயில் மேலே ஏறாது. பேரிங் காய்ந்து, உருகி, எஞ்சின் அப்படியே கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதை முன்கூட்டிச் சொல்லக்கூடிய, ஆயில் அழுத்தம் காட்டும் முள் அந்த வண்டியில் செத்துப் பல வருஷம் ஆகிறது.

போனை எடுத்து அடித்தான். வழியில் சிக்னல் கிடையாது, குவாரி உச்சியில் மட்டும்தான் கிடைக்கும். ஏழாவது தடவை மணி போயிற்று. எடுத்தது தங்கை.

“அண்ணா, ஏத்தம் ஏறினதே தெரியல. இவரு பாட்டே பாட ஆரம்பிச்சுட்டாரு, அதான் ஒரே கஷ்டம். சட்டை எல்லாம் குடுத்தாச்சு, கிளம்பிட்டோம்.”

‘வண்டியை எடுக்காதே’ என்று சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு சொல். வாய்வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே மற்றதும் வந்தது. உச்சியிலிருந்து பெரியவரைக் கயிறு கட்டி இறக்குவதும், தெருவே கூடி வேடிக்கை பார்ப்பதும், ஒருதடவை தன் எஞ்சினை இரண்டாம் தடவை திறக்கிறானாம் என்று அடுத்த பட்டறைக்காரன் டீக்கடையில் சிரிப்பதும் எல்லாம் சேர்ந்து வந்தது. ஏற்றத்திலேயே ஒன்றும் ஆகவில்லை, இறக்கம் சும்மா உருண்டு வருவதுதானே என்று மனசு கணக்குப் போட்டது. சாயங்காலம் வந்ததும் ஆயில் கொஞ்சம் கசிகிறது, விட்டுவிட்டுப் போ மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் தொட்டியைக் கழற்றித் துணியை எடுத்துவிடலாம்.

“மெதுவா இறங்கச் சொல்லு,” என்றான்.

“எப்பவும் நான்தானே சொல்றேன், இன்னிக்கு நீயும் சொல்றியா? சரிண்ணா. அலமாரில சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு.”

போனை வைத்தபின் அவன் போய்ச் சாப்பிட்டான். அதைத்தான் பிற்பாடு அவனால் தாங்க முடியவில்லை. பசித்தது, சாப்பிட்டான்.

எட்டாவது வளைவில் நடந்தது. இரண்டாவது கியரில் எஞ்சினையே பிடிமானமாக வைத்து இறங்கிக்கொண்டிருந்த வண்டி, எஞ்சின் கவ்வினதும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, மலையில் முந்தின இரவு பெய்த மழை ஈரத்தில் வழுக்கி விளிம்பைத் தாண்டிப் புரண்டது. சுருட்டை முதல் புரளலிலேயே வெளியே தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்து கிடந்தான். தங்கை வண்டியோடு போனாள். மேலே இருந்து குவாரி ஆட்கள் அவள் தைத்த புதுச் சட்டையோடு ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கினபோதே உயிர் இல்லை.

முதல் நாள் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அழுகிறவனிடம் யார் கேட்பார்கள்? இரண்டாம் நாள் சொல்லலாம் என்று இருந்தான். இரண்டாம் நாள் அவன் அம்மா மருமகனுக்கு எதிரே கதவைச் சாத்தினாள். எம்பொண்ணைக் கொன்னவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்றாள். வாகன அதிகாரி வந்து பார்த்து, பிரேக் நன்றாக இருக்கிறது, ஓட்டுநர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். சொல்லாத ஒவ்வொரு நாளும் மறுநாளை இன்னும் கனமாக்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சுற்றியிருப்பவர்கள் சோற்றைப் பார்க்கவே இல்லை என்றால் மறைக்க முடியும். அவனால் முடிந்தது.

சுருட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட காலோடு வந்து தையல் அறையிலேயே தங்கிவிட்டான். போக வேறு இடமும் இல்லை. அண்ணன் இந்தப் பக்கம் வேலை செய்யும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதாவது மிஷின் ஓடும். நூல் கோக்காமல், துணி வைக்காமல், நல்ல காலால் மிதித்துப் பார்ப்பான். நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிடும்.

நசுங்கின ஜீப்பைக் கட்டி இழுத்துவந்து பட்டறை மூலையில் போட்டு மூன்று வாரம் ஆயிற்று. அண்ணன் அதைத் தொடவில்லை. சுருட்டை இல்லாத ஒரு நாளில் தனியாகத் திறந்து, எடுப்பதை எடுத்துவிட வேண்டும் என்று காத்திருந்தான். அப்படி ஒரு நாள் வருவதற்குள் ஒரு காலையில் ஊன்றுகோலோடு சுருட்டையே வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

“திற மச்சான். ஏன் நின்னுச்சுன்னு தெரியணும்.”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

“எனக்குத் தெரியணும். நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம எப்படிப் படுக்கிறது? ஒருதடவை மூடினா திறக்க மாட்டேன்னு என்கிட்டயும் சொல்லிடாத.”

அவன் மறுக்க வழியில்லாமல் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். தொட்டியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசி இரண்டைத் தளர்த்தினபோது கருப்பு ஆயில் கையில் வழிந்தது. அதில் வெள்ளி மாதிரி மினுக்கு. உருகின பேரிங்கின் தூள். தொட்டியை இறக்கினான். சல்லடையை முழுசாகப் போர்த்திக்கொண்டு துணி ஒட்டியிருந்தது. அடியில் வெளிச்சம் இல்லை. கட்டைவிரலால் மூலையைத் தடவினான். சிவப்பு நூலின் மேடு விரலுக்குத் தெரிந்தது.

“என்ன இருக்கு?” என்றான் சுருட்டை மேலேயிருந்து.

துணியை உருவிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பொத்தானைப் போட்டான். ஆயில் நெஞ்சில் பரவிற்று. வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தான்.

“பேரிங் உருகிடுச்சு. ஆயில் ஏறல. பம்பு பழசு.”

சுருட்டை தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

“அப்ப முள்ளு வேலை செஞ்சிருந்தா காட்டியிருக்கும்.”

அவன் கையைச் சாக்கில் துடைத்தான்.

“மாத்து மாத்துன்னு நீ எத்தனை தடவை சொன்ன. நான்தான் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளினேன். காட்டியிருக்கும் இல்ல?”

“காட்டியிருக்கும்,” என்றான் அவன். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது தான் எவ்வளவு கேவலமானவன் என்பது அவனுக்கே நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னான்.

சுருட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோலை எடுத்தான். எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கணும். வீட்டுல அவ சாமான் ஒண்ணுகூட அத்தை எனக்குக் குடுக்க மாட்டேங்குறாங்க. அவங்க மேல தப்பு சொல்லல. ஆனா அவ தச்ச துணி ஆறு உன்கிட்ட இருக்கே, நம்பர் போட்டது. உனக்கு வேற துணி கிடைக்கும். அதைக் குடு.”

மறுப்பதற்கு ஒரு காரணம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கொடியில் காய்ந்து விறைத்துப்போயிருந்த துணிகளை எடுத்துவந்து கொடுத்தான். சுருட்டை அவற்றை ஒவ்வொன்றாக மடியில் விரித்து, உள்ளங்கையால் நீவி, அவள் எப்படிச் சொல்லிக்கொடுத்தாளோ அப்படியே படித்தான்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.” அடுத்ததைப் பார்த்ததும் அந்த மூன்று வாரத்தில் முதல்தடவையாக அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “இதுவும் நாலு. தொலைஞ்சதுன்னு எவ்வளவு திட்டினா. எங்க கிடந்துச்சு?”

“சீட்டுக்கு அடியில.”

“ஆறு.” மடியைப் பார்த்தான். கீழே விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். “அஞ்சு எங்க மச்சான்?”

தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு துணி தொலையாதா? நான்கு ஒரு வருஷம் தொலைந்து கிடக்கவில்லையா? பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் உள்ளே திணித்த துணியின் ஆயில் சட்டையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. நெஞ்சுக்கு நடுவில் கருப்பாகப் படர்ந்துகொண்டிருந்தது. சுருட்டையின் பார்வை அங்கே வந்து நின்றது. அங்கிருந்து தரையில் கிடந்த தொட்டிக்குப் போயிற்று. மறுபடி சட்டைக்கு வந்தது.

அவன் பொத்தானைக் கழற்றித் துணியை எடுத்தான். சுருட்டையின் மடியில், நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் வைத்தான்.

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“எப்பத் தெரியும்?” என்றான் சுருட்டை.

“அன்னிக்கு மத்தியானம். அவ போன்ல பேசினாளே, அப்பவே தெரியும். நிறுத்துன்னு சொல்லல மாப்பிள்ளை. எம்பேரு கெட்டுடும்னு சொல்லல.”

சுருட்டை அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவன் அடிக்கவில்லை. ஐந்தாம் துணியைத் தூக்கி, வெளிச்சத்துக்குக் காட்டி, நாலு ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே வந்தான். வேறு துணியாக இருந்திருந்தால் அந்தச் சூட்டில் கிழிந்து, நைந்து, ஆயிலுக்கு எங்காவது வழிவிட்டிருக்கும்.

“ஒரு நூல்கூடப் பிரியல,” என்றான்.

அப்புறம் துணிகளை எண் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஆறு துணி. மிச்சம் இருந்த பழைய நான்கை மடித்து மச்சானின் கையில் வைத்தான்.

“இது உன்னோடது. அத்தைகிட்ட நீயே போய்ச் சொல்லு.”

கோலை ஊன்றிக்கொண்டு தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்கவில்லை. அண்ணன் கையில் அந்தத் துணியோடு, ஆயில் படிந்த சட்டையை மாற்றாமல் அம்மாவிடம் போனான்.